உள்ளே கட்டில், அடுப்பு... டோல்கேட்டில் மட்டும் மினிபஸ்ஸா? கேம்பர் வேன் கட்டணத்தில் என்ன குழப்பம்?

மும்பையில் கடல் மேல் போகும் அடல் சேது பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அறிவித்த ஒருவழிக் கட்டணம் இது: காருக்கு 250 ரூபாய். இலகுரக வணிக வாகனம், மினிபஸ் என்றால் 400 ரூபாய். 2 அச்சுள்ள பஸ்ஸுக்கு 830 ரூபாய்.

இப்போது ஒரு வேன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் டெம்போ டிராவலர். உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு சிங்க், மடக்கு மேசை. உட்கார்ந்து வருவது ஒரு கணவன், மனைவி, ஒரு குழந்தை. இந்த வேன் எந்த வரிசையில் வரும்? 250-ஆ, 400-ஆ, 830-ஆ?

குடும்பத்தோடு வந்தவர் 'நம்மகிட்ட இருக்கிறது சொந்த வண்டிதானே, கார் மாதிரிதானே' என்று நினைத்திருப்பார். பாலத்தைத் தாண்டியதும் வரும் எஸ்.எம்.எஸ். வேறு கதை சொல்லும். கேம்பர் வேன், காரவன் என்று வீட்டையே கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் டீசலுக்கு பட்ஜெட் போடுகிறார்கள், தங்கும் இடத்துக்குப் போடுகிறார்கள். டோலுக்கு மட்டும் கார் கணக்கைப் போட்டுவிட்டு நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் இப்படி? சுருக்கமாகச் சொன்னால், தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் கேம்பர் வேன் என்ற வண்டியே கிடையாது.

அட்டவணை என்ன சொல்கிறது?

தேசிய நெடுஞ்சாலைகளில் நாம் கட்டும் டோலுக்கு அடிப்படை, 2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண நிர்ணய விதிகள். 2007-08-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வாகன வகைவாரியாக அதில் எழுதியிருக்கிறார்கள். கார், ஜீப், வேன், இலகுரக மோட்டார் வாகனம் என்றால் 65 பைசா. இலகுரக வணிக வாகனம், சரக்கு வாகனம், மினிபஸ் என்றால் 1 ரூபாய் 5 பைசா. 2 அச்சுள்ள பஸ், லாரி என்றால் 2 ரூபாய் 20 பைசா. அதற்கு மேலே 3 அச்சு, 4 முதல் 6 அச்சு, 7 அல்லது அதற்கு மேற்பட்ட அச்சு என்று போகிறது. அது நமக்கு இங்கே தேவையில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று கட்டணம் ஏறுவது தெரிந்ததுதான். நிலையாக 3 சதவீதம், அதோடு மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். பிறகு அருகிலுள்ள 5 ரூபாய்க்கு முழுமையாக்கிவிடுவார்கள். எல்லா வகைக்கும் ஒரே சூத்திரம் என்பதால், தொகை ஏறினாலும் வகைகளுக்கு இடையிலான விகிதம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அந்த விகிதம்தான் முக்கியம். காரைவிட மினிபஸ் சுமார் 1.6 மடங்கு, பஸ் சுமார் 3.4 மடங்கு. அதாவது போகும் வழி முழுக்க காருக்கு 1,000 ரூபாய் டோல் ஆகும் ஒரு பயணம், மினிபஸ் வகையில் ஏறக்குறைய 1,615 ரூபாய். பஸ் வகையில் 3,385 ரூபாய். அடல் சேது மாநில அமைப்பின் பாலம், கணக்கு தனி. ஆனாலும் 250, 400, 830 என்ற எண்களை வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே விகிதம்தான் வரும்.

ஒரே ரோடு, ஒரே வேகம், அதே 3 பேர். எந்த வரிசையில் பெயர் விழுகிறது என்பதை வைத்து மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

எடையைப் பார்ப்பதா, சீட்டைப் பார்ப்பதா?

சரி, வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? விதியில் வரையறை இருக்கிறது. சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கார், ஜீப், வேன் என்றால் என்ன? மொத்த வாகன எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டி, 'அல்லது' ஆர்.சி.யில் பதிவான பயணிகள் எண்ணிக்கை டிரைவரைத் தவிர்த்து 12-ஐத் தாண்டாத வண்டி. மினிபஸ், இலகுரக வணிக வாகனம் என்றால் என்ன? எடை 7,500 கிலோவுக்கு மேல் 12,000 கிலோவுக்குள், 'அல்லது' பயணிகள் 12-க்கு மேல் 32 வரை.

அந்த 'அல்லது'வைக் கொஞ்சம் கவனியுங்கள். 17 சீட் டெம்போ டிராவலரை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த எடை 7,500 கிலோவுக்கு ரொம்பவே கீழே. எனவே எடைப்படி பார்த்தால் அது முதல் வரிசை, கார் கட்டணம். சீட்டுப்படி பார்த்தால் இரண்டாவது வரிசை, மினிபஸ் கட்டணம். ஒரே வண்டி இரண்டு வரையறைக்கும் பொருந்துகிறது!

எதிர்ப்பக்கமும் உண்டு. பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய காரவன். 4 பேர் மட்டுமே பயணிக்கும் அளவுக்குத்தான் சீட். ஆனால் எடை 7,500 கிலோவைத் தாண்டிவிடும். சீட்டுப்படி கார், எடைப்படி அடுத்த வரிசை.

சாதாரண வண்டிகளுக்கு இந்த முரண் பெரிதாகத் தெரிவதில்லை. ஏனென்றால் சீட் அதிகமானால் வண்டியும் பெரிதாகும், இரண்டும் சேர்ந்தே ஏறும் என்ற எண்ணத்தில் எழுதிய வரையறை இது. ஸ்கூல் வேன், கம்பெனி பஸ், டூரிஸ்ட் பஸ் எல்லாம் அந்த எண்ணத்துக்குள் ஓரளவு அடங்கிவிடும். பெரிய உடம்பு, குறைந்த ஆட்கள் என்ற அமைப்புதான் கேம்பர் வேன். அதனால்தான் அது இரண்டு வரிசைக்கும் நடுவில் தொங்குகிறது.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று இருக்கிறது. இந்திய சட்டத்துக்கு கேம்பர் வேன் தெரியாத வண்டி இல்லை. எது போக்குவரத்து வாகனம், எது சொந்த வாகனம் என்று பிரித்து மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட அறிவிக்கையில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் சொந்த வாகனப் பட்டியலிலேயே இருக்கிறது. மோட்டார் காரவன்களுக்கு என்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனி தரநிலை உண்டு. மேசையோடு இருக்கை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் இருந்தால்தான் அது காரவன் என்று வரையறையும் உண்டு. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. பதிவு விதிகளைப் போடுவதும் டோல் விதிகளைப் போடுவதும் ஒரே சாலைப் போக்குவரத்து அமைச்சகம்தான். பதிவுக்குத் தெரிந்த வண்டி டோலுக்குத் தெரியவில்லை.

டேக் என்ன சொல்கிறதோ, அதுதான் கட்டணம்

வரையறை குழப்பமாக இருந்தால் டோல்கேட் ஊழியர் பார்த்து முடிவு செய்வாரா? முன்பு அப்படித்தான் இருந்தது. கேட்டில் நிற்பவரோடு பேசிப் பார்க்கலாம், உள்ளே கட்டிலைக் காட்டலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேக் எந்த வகையோ, அந்தக் கட்டணம் தானாகக் கழிந்துவிடும்.

டேக்கின் வகையை முடிவு செய்வது, அதை உங்களுக்குக் கொடுத்த வங்கி. வங்கி பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள விவரங்களை. கார், ஜீப், வேன் எல்லாம் 4-ம் வகை டேக். இலகுரக வணிக வாகனம் 5-ம் வகை. வங்கியின் ஆன்லைன் படிவத்தில் 'கேம்பர்' என்று ஒரு கட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆர்.சி.யில் என்ன உடல் வகை, எத்தனை சீட், எவ்வளவு எடை என்று போட்டிருக்கிறதோ, அதை வைத்து இருக்கிற வகைகளில் ஒன்றில் தள்ளிவிடுவார்கள். டேக் விற்ற ஏஜென்ட் அவசரத்தில் தப்பான வகையைத் தட்டியிருந்தாலும் அதுதான் ஓடும்.

அதோடு முடியவில்லை. டோல் லேனில் தானியங்கி வகைப்படுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. போகும் வண்டியின் அச்சு எண்ணிக்கை, உருவ அளவு போன்றவற்றை அதுவும் குறித்துக்கொள்ளும். டேக் 'நான் கார்' என்று சொல்லி, கருவி 'இல்லையே, இது பெரிய வண்டி' என்று சொன்னால், அந்தப் பரிவர்த்தனை தனியாகக் குறிக்கப்படும். டோல் தரப்பு வங்கி ஆதாரத்தோடு வித்தியாசத் தொகையைப் பின்னால் கேட்க வழி உண்டு. கேட்டில் கார் கட்டணம் கழிந்து, வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து இன்னொரு தொகை கழிவதற்கு இது ஒரு காரணம். 'நான் அந்த ஊரிலேயே இல்லையே, எப்படிக் காசு போச்சு?' என்று கேட்பவர்கள் அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும் பயணத் தேதியை முதலில் பார்ப்பது நல்லது.

சீட்டைக் கழற்றினேன், ஆனால் ஆர்.சி.யில்?

யூடியூபில் 'பழைய டெம்போ டிராவலரை வீடாக மாற்றினேன்' வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் குறைவு. டோல் விஷயத்தில் அதிகம் அடிபடுவதும் இவர்கள்தான்.

17 சீட் வண்டியை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில் போட்டு, சோலார் பேனல் மாட்டியாயிற்று. இப்போது உட்கார 4 சீட்தான். ஆனால் விதி சொல்வது, 'ஆர்.சி.யில் பதிவான' பயணிகள் எண்ணிக்கை. உள்ளே எத்தனை சீட் இருக்கிறது என்று யாரும் எண்ணப்போவதில்லை. ஆர்.சி.யில் 17 என்று இருக்கும்வரை டோலுக்கு அது 17 பேர் போகும் மினிபஸ்.

அப்போ ஆர்.சி.யை மாற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் பெரிய கதவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறும் வகையில் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அனுமதியுள்ள மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ.விடம் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அதாவது அனுமதி பெற்ற பாடி பில்டரிடம் தரநிலைப்படி கட்டி, காரவன் என்றே பதிவு செய்த வண்டிக்கு ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஷெட்டில் வைத்து நாமே மாற்றிய வண்டிக்கு இருக்காது.

இதற்கு ஒரு 'ஷார்ட்கட்' சுற்றிக்கொண்டிருக்கிறது: வீட்டில் இருக்கும் காரின் டேக்கை எடுத்து வேனில் பயன்படுத்துவது. தயவுசெய்து வேண்டாம். ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பது விதி. வண்டியின் படங்களையும் ஆர்.சி.யையும் பதிவேற்றச் சொன்ன 'உங்கள் வாகனத்தை அறிவோம்' சரிபார்ப்பு வந்ததே இந்த மாதிரி வகை மாற்றித் தப்பிப்பதைப் பிடிக்கத்தான். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டும் டேக்குகளை பிளாக்லிஸ்ட் செய்ய 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. 60 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் டேக்கே போய்விடும்.

மெதுவாகப் போகிறவர்களுக்குச் சலுகை இல்லை

டோல் சலுகைகள் எல்லாம் வேகமாகப் போய்த் திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. கேம்பர் வேன் பயணம் நேர் எதிர். போகிற இடத்தில் 2 நாள், 3 நாள் நிற்பதற்காகத்தானே வண்டியிலேயே கட்டில் போட்டிருக்கிறோம்!

உதாரணமாக, 24 மணி நேரத்துக்குள் அதே டோலில் திரும்பினால், இரண்டு முறையும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தைப் போல 1.5 மடங்குதான். ஒரு டோலில் காருக்கு 100 ரூபாய் என்றால், காலையில் போய் ராத்திரி திரும்பும் கார் 150 ரூபாயில் முடித்துவிடும். அதே டோலில் மினிபஸ் வகைக் கட்டணம் ஏறக்குறைய 160 ரூபாய். 3 நாள் கழித்துத் திரும்பும் கேம்பர் வேன் 160-ஐ இரண்டு முறை, மொத்தம் 320 ரூபாய் கட்டும். வகை மாறியதால் 1.6 மடங்கு என்று நினைத்தது, சலுகையும் போனதால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. வழியில் இப்படி 8, 10 டோல் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆண்டு பாஸ். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸில் 200 பயணம் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை போகலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே லாபமான திட்டம். ஆனால் வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். உங்கள் கேம்பரின் டேக் 5-ம் வகை என்றால் கிடையாது. வாடகைக்கு எடுத்த காரவன் என்றால், அது போக்குவரத்து வாகனமாகப் பதிவானது, எனவே கிடையாது. சொந்தப் பதிவும் 4-ம் வகை டேக்கும் இருந்தால் வாய்ப்பு உண்டு, வாகன் தரவுத்தளத்தில் சரிபார்த்த பிறகே பாஸ் செயல்பாட்டுக்கு வரும். பாஸ் கிடைத்தாலும் தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலைகளில் மட்டும்தான் செல்லும். மாநில அரசுச் சாலைகளில், அடல் சேது போன்ற பாலங்களில் வழக்கம்போலக் காசு கழியும்.

இந்த டோலில் மட்டும் ஏன் இவ்வளவு?

'நேற்று இதே தூரத்துக்கு 90 ரூபாய், இன்று 200 ரூபாயா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில், வழியில் இருக்கும் பாலமும் சுரங்கமும்.

விதிப்படி பெரிய பாலம், சுரங்கம், மேம்பாலம், உயர்மட்டச் சாலை போன்ற கட்டமைப்புகளின் நீளத்தை 10 மடங்காக எண்ணிக் கட்டணம் போடலாம். அதாவது 1 கிலோமீட்டர் மேம்பாலம், டோல் கணக்கில் 10 கிலோமீட்டர் ரோடு. அதிகச் செலவில் கட்டிய பைபாஸ் என்றால் 1.5 மடங்கு. 2025 ஜூலையில் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கட்டமைப்பை 10 மடங்காக்கி மீதிச் சாலையோடு கூட்டிய தூரம், அல்லது மொத்தத் தூரத்தின் 5 மடங்கு, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. முழுக்க முழுக்கப் பாலமாகவே இருக்கும் 40 கிலோமீட்டர் பகுதிக்கு முன்பு 400 கிலோமீட்டர் கணக்கு என்றால், இப்போது 200.

இந்தப் பெருக்கல் எல்லா வண்டிக்கும்தான். ஆனால் காருக்கு 65 பைசாவின் மேல் நடக்கும் பெருக்கல், மினிபஸ் வகைக்கு 1 ரூபாய் 5 பைசாவின் மேல் நடக்கிறது. மலைப்பாதையையும் கடல் பாலத்தையும் தேடிப் போகிறவர்களே கேம்பர்காரர்கள். போதாக்குறைக்கு, 2008-க்கு முன் ஒப்பந்தம் போட்ட சில சாலைகளில் பழைய ஒப்பந்தத்தின் வகைப்பாடே தொடரும். மாநிலச் சாலைகளுக்கு அந்தந்த மாநில அட்டவணை. ஒரு டோலில் ஒரு வகையாகவும், அடுத்த மாநிலத்தில் வேறு வகையாகவும் உங்கள் வண்டி தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா?

அங்கேயும் அதிர்ச்சி உண்டு. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு மோட்டார்ஹோம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாட்டுவது இரண்டு இடத்தில். பிரான்ஸில் உயரம். 2 மீட்டர் வரை முதல் வகை. 2 முதல் 3 மீட்டர் என்றால் இரண்டாம் வகை. 3 மீட்டரைத் தொட்டாலோ, மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டினாலோ மூன்றாம் வகை. ஆஸ்திரியாவில் எடை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3.5 டன் வரை, நாள் கணக்கில் வாங்கும் வின்யெட் போதும். ஒரு கிலோ தாண்டினாலும் லாரிகளைப் போல கிலோமீட்டர் கணக்கில் வசூலிக்கும் 'கோ பாக்ஸ்' கருவி மாட்ட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மோட்டார்ஹோம்களில் ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் விழும்.

கட்டணம் குறைவா, அதிகமா என்பது வேறு பேச்சு. அங்கே அளவுகோல் டேப்பை வைத்து அளக்கக்கூடியது, பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுவது. கிளம்பும் முன்பே எந்த வகை என்று சொல்லிவிடலாம். இங்கே அந்த 'அல்லது' இருக்கும்வரை, இரண்டு வங்கிகள் ஒரே வண்டியை இரண்டு வகையில் வைத்தாலும் இரண்டுமே விதிக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். காரவன் என்று பதிவான வண்டிக்கு எடை மட்டும் அல்லது சீட் மட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சுற்றுலாத் துறைகள் கேரவன் பார்க் கட்டுவதற்கு முன் அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான் என்பது என் கருத்து.

வாடகைக்கு எடுக்கிறீர்களா?

நம்மில் பெரும்பாலானோர் காரவன் வாங்கப்போவதில்லை, ஒரு வாரத்துக்கு வாடகைக்குத்தான் எடுக்கப்போகிறோம். 'டோல், பார்க்கிங் உங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும். எந்த வகை டேக் என்று இருக்காது. புக் பண்ணும்போதே கேளுங்கள்: டேக் 4-ம் வகையா, 5-ம் வகையா, பஸ் வகையா? ஆர்.சி. போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். போகும் வழியில் உள்ள டோல்களின் கட்டணத்தை நெடுஞ்சாலை ஆணையத்தின் செயலியான ராஜ்மார்க் யாத்ராவில் அந்த வகைக்குப் பார்த்துவிடலாம்.

டேக்கில் பேலன்ஸ் எவ்வளவு, நடுவழியில் தீர்ந்தால் யார் ரீசார்ஜ் செய்வது என்பதையும் பேசிவிடுங்கள். டேக் உரிமையாளர் பெயரில் இருப்பதால் எஸ்.எம்.எஸ். அவருக்குத்தான் போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. செல்லுபடியாகும் டேக் இல்லாமல் கேட்டில் நின்றால், 2025 நவம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, யுபிஐ-யில் கட்டினால் 1.25 மடங்கு. 160 ரூபாய் டோல் யுபிஐ-யில் 200. நள்ளிரவில் உரிமையாளருக்கு போன் போட்டு எழுப்புவதைவிட, வண்டி எண்ணை வைத்து யுபிஐ செயலியிலேயே ரீசார்ஜ் செய்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்வது எளிது.

தப்பாகக் கழிந்தால்?

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். டேக் வகை சரி, ஆனால் ஒரு டோலில் மட்டும் கூடுதலாகக் கழிந்திருக்கிறது என்றால் அது தவறான பிடித்தம். டேக் கொடுத்த வங்கியின் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்துப் புகார் பதியலாம், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் அழைக்கலாம். தவறாகப் பிடித்தது உறுதியானால் டோல் வசூலிப்பவருக்கு ஒவ்வொரு சம்பவத்துக்கும் 1 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் அபராதம் போடும் நடைமுறை இருக்கிறது. எனவே புகாருக்கு மதிப்பு உண்டு.

எல்லா டோலிலும் ஒரே மாதிரி அதிகமாகக் கழிகிறது என்றால், பிரச்னை டோலில் இல்லை, டேக்கில். ஒவ்வொரு பரிவர்த்தனையாகச் சண்டை போட்டுப் பயனில்லை. ஆர்.சி.யை இணைத்து, எடையையும் சீட் எண்ணிக்கையையும் சுட்டிக்காட்டி, வகையைத் திருத்தச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். காரவன் என்றே பதிவாகி, 12 சீட்டுக்குள்ளும் 7,500 கிலோவுக்குள்ளும் இருக்கும் வண்டி என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. இரண்டு அளவுகோலிலும் அது முதல் வரிசைதான். ஒன்றில் உள்ளேயும் ஒன்றில் வெளியேயும் இருந்தால் வாதாடலாம், ஆனால் பயணத்துக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள்.

இதைத் தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணமும் வந்துவிட்டது. கேட்டே இல்லாமல், கேமராவும் ஃபாஸ்டேக்கும் மட்டும் வைத்து வசூலிக்கும் முறைக்கு நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி டோலுக்கு ஒப்பந்தம் போட்டது. இந்த முறையில் நின்று விளக்கம் சொல்ல ஆளே கிடையாது. 2026 ஜனவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், செலுத்தாத டோல் தொகையை வண்டியின் மேல் உள்ள பாக்கியாகவே பார்க்கிறது. அது தீரும்வரை வண்டியை வேறொருவருக்கு விற்கத் தேவையான என்.ஓ.சி. கிடைக்காது, எஃப்.சி. புதுப்பிக்க முடியாது. வாடகைக் காரவன்களுக்கு எஃப்.சி. இல்லாமல் ஒரு நாள்கூட ஓட முடியாது என்பதால், உரிமையாளர்கள் டோல் பாக்கிக்கென்று முன்பணத்தைப் பிடித்துவைக்கலாம். எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை வண்டிச் சாவியை வாங்குவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.